நீளம் 3 என்றால் உயரம் 2: தேசியக் கொடிகளின் அளவை யார் முடிவு செய்தார்கள்?

2022 ஆகஸ்ட் மாதம். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டையொட்டி ‘வீடுதோறும் மூவர்ணக் கொடி’ இயக்கம் நாடு முழுக்கச் சூடுபிடித்திருந்தது. அஞ்சலகத்தில் 25 ரூபாய் கொடுத்தால் ஒரு கொடி. 30 அங்குல நீளம், 20 அங்குல உயரம். கடைகளிலும் நடைபாதைகளிலும் விற்றவை தனி. அதே வாரங்களில் புகார்களும் வரத் தொடங்கின. சில கொடிகளில் சக்கரம் நடுவில் இல்லை. சிலவற்றில் அது வட்டமாகவே இல்லை, முட்டை வடிவில் இருந்தது. சிலவற்றில் காவிப் பட்டை ஒரு அளவு, பச்சை இன்னொரு அளவு. துண்டு மாதிரி நீண்டு தொங்கிய கொடிகளும் உண்டு.

“கொடிதானே சார், நாலு இஞ்ச் கூடக் குறைய இருந்தா என்ன ஆகிடப் போகுது?” என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நியாயமான கேள்விதான். கொடியின் நிறத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம், அதை எங்கே ஏற்றலாம், எப்படி இறக்க வேண்டும் என்று பேசுகிறோம். அளவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் எல்லா நாடுகளும் இந்த விஷயத்தில் ஏதோ ஒரு முடிவு எடுத்திருக்கின்றன. அந்த முடிவுகளில் சில, நாடாளுமன்றத்தில் எடுக்கப்பட்டவை. சில, தறியில் எடுக்கப்பட்டவை.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இந்தியக் கொடியின் விகிதம் 3:2 என்று இந்தியக் கொடி விதித்தொகுப்பு சொல்கிறது. உலகக் கொடிகளின் பட்டியலைப் பார்த்தால் இந்தியாவுக்கு நேராக 2:3 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இந்திய விதி நீளத்தை முதலில் சொல்கிறது, உலக வழக்கம் உயரத்தை முதலில் சொல்கிறது. கம்பத்தை ஒட்டி இருக்கும் பக்கம் உயரம், காற்றில் பறக்கும் பக்கம் நீளம். இனி இந்தக் கட்டுரையில் வரும் விகிதங்கள் எல்லாம் உலக வழக்கப்படி உயரத்தை முதலில் சொல்பவை.

‘பொதுவாக’ என்ற ஒரு சொல்

1947 ஜூலை 22. அரசியல் நிர்ணய சபையில் தேசியக் கொடிக்கான தீர்மானத்தை ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்தார். அடர் காவி, வெள்ளை, அடர் பச்சை ஆகிய மூன்று நிறங்களும் சம அளவில் இருக்க வேண்டும், நடுவில் கருநீலச் சக்கரம், அது சாரநாத் தூணின் தலைப்பகுதியில் இருக்கும் சக்கரம் போல இருக்க வேண்டும் என்றது தீர்மானம். சக்கரத்தின் விட்டம் வெள்ளைப் பட்டையின் அகலத்தை ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கடைசியாக, உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் ‘பொதுவாக’ 2:3 ஆக இருக்கும் என்று ஒரு வரி. அந்தப் ‘பொதுவாக’ கவனிக்க வேண்டிய சொல். 2002-இல் வந்த கொடி விதித்தொகுப்பில் அது இல்லை. செவ்வகமாக இருக்க வேண்டும், விகிதம் இதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டது.

தீர்மானம் நிறைவேறி மூன்றரை வாரத்தில் சுதந்திரம் வந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி இப்போதும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டுத் துணி. 12 அடி நீளம், 8 அடி உயரம். நாலால் வகுத்துப் பார்த்தால் அப்படியே 3-க்கு 2.

அந்த 12-க்கு 8 என்பது தற்செயலான அளவும் அல்ல. 1951-இல் அப்போதைய இந்தியத் தர நிறுவனம் கொடிக்கான தர விவரக்குறிப்பை வெளியிட்டது. இந்தியத் தரங்களின் வரிசையில் அதற்குக் கிடைத்த எண் 1. சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் முன்பாகக் கொடி. 1964-இல் மெட்ரிக் முறைக்கு ஏற்ப அது திருத்தப்பட்டது. இன்று விதித்தொகுப்பில் உள்ள ஒன்பது அளவுகளும் மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன. ஆனால் பழைய அடிக்கணக்கு உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். ஒரு அடிக்கு 300 மி.மீ. என்று முழுமையாக்கிப் பாருங்கள்: 6300-க்கு 4200 என்பது 21 அடிக்கு 14 அடி. 3600-க்கு 2400 என்பது 12-க்கு 8, அதாவது கோட்டைக் கொடியின் அளவு. அடுத்து 9-க்கு 6, 6-க்கு 4, நாலரைக்கு 3, 3-க்கு 2 அடி. பிறகு மூன்று சின்ன அளவுகள். 450-க்கு 300 மி.மீ. மிக முக்கியப் பிரமுகர்களின் விமானத்துக்கு. 225-க்கு 150 காருக்கு. 150-க்கு 100 மேசைக்கு. அமைச்சரின் காரில் படபடக்கும் கொடி ஒன்பது அங்குலத்துக்கு ஆறு அங்குலம் என்பது இந்தக் கணக்கில் வருவதுதான்.

இந்த ஒன்பது அளவுகளில்தான் கொடி இருக்க வேண்டுமா? இல்லை. எந்த அளவிலும் இருக்கலாம், விகிதம் மட்டும் மாறக்கூடாது என்பதுதான் உள்துறை அமைச்சகத்தின் விளக்கம். அஞ்சலகத்தில் விற்ற 30-க்கு 20 அங்குலக் கொடி ஒன்பதில் ஒன்று அல்ல. ஆனாலும் சரியான கொடி. 2021 அக்டோபர் 2-இல் லே நகர மலைச்சரிவில் விரிக்கப்பட்ட கதர்க் கொடி 225 அடிக்கு 150 அடி, ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. அதுவும் 3-க்கு 2-தான்.

சக்கரத்தின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 3600 மி.மீ. கொடியில் வெள்ளைப் பட்டையின் அகலம் 800 மி.மீ. அதில் சக்கரத்தின் விட்டம் 740. அதாவது பட்டையில் 92.5 சதவீதம். 6300, 2700, 1800, 900 மி.மீ. கொடிகளிலும் இதே சதவீதம்தான். கொடி சின்னதாக ஆக ஆகக் கணக்கு மாறுகிறது. 450 மி.மீ. விமானக் கொடியில் பட்டை 100, சக்கரம் 90. காரின் கொடியில் பட்டை 50, சக்கரம் 40. மேசைக் கொடியில் பட்டை 33 சொச்சம், சக்கரம் வெறும் 25. ஆக, மேசைக் கொடியைப் பெரிதாக்கிக் கோட்டைக் கொடி செய்ய முடியாது. கோட்டைக் கொடியைச் சுருக்கி மேசைக் கொடியும் செய்ய முடியாது. கம்ப்யூட்டரில் ஒரே படத்தைப் பெரிசு, சிறிசு பண்ணி அச்சடிக்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பன்னா சுருங்கியது, கொடி நீண்டது

இந்தியாவை ஆண்ட பிரிட்டனின் கொடி 1:2. அதாவது உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, இலங்கை, மலேசியா, நைஜீரியா, ஜமைக்கா என்று அந்தப் பேரரசின் கீழ் இருந்த பல நாடுகளின் கொடிகளும் 1:2-தான். இந்த 1:2 எங்கிருந்து வந்தது? யாராவது ஒரு அரசர் உட்கார்ந்து முடிவு செய்தாரா?

இல்லை. இது துணிக்கணக்கு. பிரிட்டிஷ் கடற்படைக் கொடிகள் கம்பளி நூலில் நெய்த மெல்லிய துணியில் தைக்கப்பட்டன. அந்தத் துணி குறுகலானது. தையல்காரர்கள் சொல்கிற ‘பன்னா’, அதாவது துணியின் அகலம், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 11 அங்குலம் இருந்தது. கொடியின் அளவை அடியில் சொல்லாமல் பன்னாவில்தான் சொல்வார்கள். பத்து பன்னாக் கொடி என்றால் பத்துத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டித் தைத்தது. நீளத்துக்கு ஒரு விதி: ஒரு பன்னாவுக்கு அரை கஜம், 18 அங்குலம். பத்து பன்னாக் கொடி அப்போது 110 அங்குல உயரம், 180 அங்குல நீளம். விகிதம் 11:18.

பிறகு பன்னா குறைந்தது. 18-ஆம் நூற்றாண்டில் 10 அங்குலம் ஆனது. அரை கஜ விதியை யாரும் மாற்றவில்லை. ஆகவே கொடி 100-க்கு 180 ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் பன்னா 9 அங்குலமாகச் சுருங்கியது. விதி அப்படியே இருந்தது. கொடி 90-க்கு 180. கணக்குப் போட்டால் 1:2. கொடியை நீளமாக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. தறி குறுகியது, கொடி நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தறியை ஒருபோதும் பார்த்திராத கண்டங்களில் இன்றும் கொடிகள் அந்த அளவில் பறக்கின்றன.

அதே பிரிட்டனின் தரைப்படை தன் கொடியை 3:5 விகிதத்தில் வைத்துக்கொண்டது என்பது வேறு கதை.

இந்த 1:2-ஐ வாங்கி அதற்குள் புதுசாக ஒன்றைச் செய்த நாடு கனடா. 1965-இல் அது ஏற்றுக்கொண்ட மேப்பிள் இலைக் கொடியில் இரண்டு ஓரமும் சிவப்பு, நடுவில் வெள்ளை. நீளம் உயரத்தின் இரு மடங்கு என்பதால், நீளத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளைப் பகுதி கச்சிதமான சதுரமாக அமைந்துவிட்டது. வேறு விகிதத்தில் இந்த வடிவம் வராது.

சோவியத் ஒன்றியத்தின் கொடியும் 1:2. 1991-இல் அது உடைந்தபோது ரஷ்யா தன் பழைய வெள்ளை, நீலம், சிவப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அளவு மட்டும் சோவியத் அளவாகவே இருந்தது. 1993 டிசம்பரில்தான் அதை 2:3 ஆக மாற்றினார்கள். நிறத்தை மாற்றிய பிறகும் இரண்டு வருடம் அளவு மாறாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தோனேசியாவா, மொனாக்கோவா?

விகிதம் ஒரு அலங்காரம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு கொடிகளைக் காட்டலாம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் சம பாதி. இந்தோனேசியாவின் கொடி அது. மொனாக்கோவின் கொடியும் அதுவேதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் விகிதம்தான். இந்தோனேசியா 2:3, மொனாக்கோ 4:5. ஒரு மீட்டர் உயரக் கொடி என்றால் இந்தோனேசியாவுடையது ஒன்றரை மீட்டர் நீளம், மொனாக்கோவுடையது ஒண்ணேகால் மீட்டர். ஒரு முழம்கூட இல்லாத அந்த வித்தியாசம்தான் ஒரு பக்கம் பல கோடி மக்களின் நாட்டையும் இன்னொரு பக்கம் சில சதுர கிலோமீட்டர் நாட்டையும் பிரிக்கிறது. இரண்டு கொடிகளையும் ஒரே அளவில் அச்சடித்துவிட்டால் எது எந்த நாடு என்று சொல்லவே முடியாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் அதே கதி.

சுவிட்சர்லாந்து, வாட்டிகன் இரண்டும் சதுரம். சுவிஸ் கொடியின் சிலுவைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் நான்கு கைகளும் தங்கள் அகலத்தைவிட ஆறில் ஒரு பங்கு நீளமாக இருக்க வேண்டும் என்று 1889-இலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதே சுவிஸ் நாட்டின் கப்பல் கடலுக்குப் போனால் கொடி 2:3 ஆக மாறிவிடுகிறது. எதிர்த்திசையில் கத்தார். 11:28. உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிக நீளம். தேசியக் கொடிகளில் இதைவிட நீளமானது இல்லை.

வங்கதேசத்தின் கொடி 3:5. பச்சையில் சிவப்பு வட்டம். பார்ப்பதற்கு நடுவில் இருப்பது போலத் தெரியும், ஆனால் இல்லை. நீளத்தை இருபது பங்காக்கினால், வட்டத்தின் மையம் பத்தாவது பங்கில் இல்லாமல் ஒன்பதாவது பங்கில், கம்பத்தின் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கொடி காற்றில் பறக்கும்போது நடுவில் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. ஜப்பானும் முன்பு இப்படித்தான் வைத்திருந்தது, நூறில் ஒரு பங்கு மட்டும் தள்ளி. 1999 ஆகஸ்டில் வந்த கொடிச் சட்டம் வட்டத்தைச் சரியாக நடுவில் வைத்துவிட்டு, 7:10 ஆக இருந்த விகிதத்தையும் 2:3 ஆக்கியது. பிரெஞ்சுக் கடற்படை வேறு வழியில் இதே வேலையைச் செய்கிறது. அதன் கொடியில் நீலம் 30, வெள்ளை 33, சிவப்பு 37 என்று பட்டைகள் வெவ்வேறு அகலத்தில் இருக்கும். கம்பத்திலிருந்து தள்ளிப் போகப் போகப் பட்டையை அகலமாக்கினால், பறக்கும்போது மூன்றும் சமமாகத் தெரியும். சுருட்டி மடித்துத் தரையில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்த கொடி அல்ல அது.

இருபத்து நான்கு படி

நேபாளத்தின் கொடியைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. நாற்கரமாக இல்லாத ஒரே தேசியக் கொடி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணங்கள், மேலே சந்திரன், கீழே சூரியன். நீளத்தைவிட உயரம் அதிகம் என்பது இன்னொரு விசேஷம்.

இந்தக் கொடியை எப்படி வரைய வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணை 24 படிகளில் சொல்கிறது. 1962-இல் வந்த முறை, 2015-இன் புதிய அரசியல் சட்டத்திலும் தொடர்கிறது. பத்தாம் வகுப்பு வடிவியல் பாடம் மாதிரியே இருக்கும். கீழே ஒரு கிடைக்கோடு போடு. அதன் இடது முனையிலிருந்து செங்குத்தாக, அந்தக் கோட்டின் நீளத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, இன்னொரு கோடு போடு. அதில் இத்தனாவது புள்ளியிலிருந்து அதற்குக் கோடு இழு. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்கேலும் காம்பஸும் இருந்தால் போதும்.

சிவப்புப் பகுதி மட்டும் என்றால் கணக்கு எளிது. அகலம் 3, உயரம் 4. சிக்கல் கடைசியில் வருகிறது. சுற்றிலும் நீலக்கரை போட வேண்டும். கரையின் அகலம் எவ்வளவு? சந்திரனை வரைவதற்காக நடுவில் போட்ட ஒரு கோட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. அந்தக் கோட்டின் நீளமோ ஒரு முழு எண்ணிலும் அடங்காது, பின்னத்திலும் அடங்காது. கரையைச் சேர்த்ததும் கொடியின் உயரம் அகலத்தைப் போல 1.21901033… மடங்கு ஆகிவிடுகிறது. புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் போகும் எண். உலகக் கொடிப் பட்டியல்களில் பெரும்பாலான நாடுகளுக்கு நேராக 2:3, 1:2 என்று இருக்க, நேபாளத்துக்கு நேராக ஒரு தசம எண் நீண்டு கிடப்பது இதனால்தான். ஆனால் காட்மாண்டுவில் கொடி தைக்கிற ஒருவருக்கு அந்த எண் தேவையே இல்லை. படிகளை வரிசையாகச் செய்துகொண்டே போனால் கொடி தானாக வந்துவிடும்.

விதி ஒன்று, கடையில் ஒன்று

சொந்தக் கொடியின் அளவை எல்லா நாடுகளும் கடைப்பிடிக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்கக் கொடிக்கு அதிபர் ஐசனோவர் 1959-இல் பிறப்பித்த ஆணைப்படி விகிதம் 10:19. அந்த ஆணை அரசுத் துறைகளுக்குத்தான். கடையில் அமெரிக்கர்கள் வாங்குவது பெரும்பாலும் 3 அடிக்கு 5 அடி, 4-க்கு 6, 2-க்கு 3. இவற்றில் எதுவும் 10:19 அல்ல. 1969-இல் அப்போலோ 11 நிலவுக்குக் கொண்டுபோன நைலான் கொடியும் 3-க்கு 5 அடிதான். பெல்ஜியத்தின் அதிகாரபூர்வ அளவு 13:15, கிட்டத்தட்டச் சதுரம். ஆனால் அந்நாட்டில் பரவலாகப் பறப்பது 2:3.

பல நாட்டுக் கொடிகள் ஒன்றாகப் பறக்கும் இடத்தில் பிரச்சினை வேறு. ஒலிம்பிக்கில் மூன்று கொடிகள் ஒரே நேரத்தில் மேலே ஏற வேண்டும். ஒன்று சதுரம், ஒன்று கத்தார் மாதிரி நீளம் என்றால் பார்க்க நன்றாக இருக்காது, ஒருவருக்குக் கூடுதல் இடம் கொடுத்தது போலவும் ஆகிவிடும். அதனால் போட்டியை நடத்துபவர்கள் எல்லாக் கொடிகளையும் ஏறக்குறைய ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலான கொடிகள் 3:5 விகிதத்தில் இருந்தன. வேறு பல போட்டிகளில் 2:3. மரியாதையில் எல்லோரையும் சமமாக்குவதற்காக அளவில் எல்லோரையும் கொஞ்சம் மாற்றுகிறார்கள்.

நம் ஊரில் நடப்பது இவ்வளவு யோசித்து நடப்பது அல்ல. டிவி திரையின் விகிதம் 9:16. ஆகஸ்ட் 15 அன்று திரை முழுக்கக் கொடி காட்ட வேண்டும் என்றால், 2:3 கொடியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். சக்கரம் படுத்துக்கொள்கிறது. தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரில் கேட்கவே வேண்டாம். வாழ்த்துச் சொல்பவரின் படத்துக்கு இடம் விட்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் கொடியின் அளவு.

பெங்கேரியில் என்ன நடந்தது?

இத்தனை கணக்கையும் கையால் செய்பவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் ஹூப்ளியில் உள்ள பெங்கேரியில் இயங்கும் கர்நாடகக் கதர் கிராமத்தொழில் கூட்டமைப்பு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று பெற்று கதர்க் கொடி தயாரிக்கும் இடம். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையால் நூற்ற நூல், கைத்தறியில் நெய்த துணி. சாயம் ஏற்றுவது, வெள்ளைத் துணியில் சக்கரத்தை அச்சிடுவது, மூன்று பட்டைகளையும் வெட்டித் தைப்பது, இஸ்திரி போட்டுக் கயிறும் கட்டையும் கோப்பது என்று ஒவ்வொரு கட்டமும் தனித்தனி.

விகிதம் எங்கே தவறும் என்பது இங்கே வந்தால்தான் புரியும். சக்கரத்தைத் துணியின் இரண்டு பக்கமும் அச்சிட வேண்டும். முன்பக்கத்து ஆரமும் பின்பக்கத்து ஆரமும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், 24 ஆரமும். ஒரு நூல் தள்ளினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 48 ஆரம் தெரியும். பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும். பாவு ஒரு அளவும் ஊடை ஒரு அளவும் சுருங்கினால், சரியாக வெட்டிய கொடி தைத்து முடித்ததும் வேறு விகிதத்தில் வந்து நிற்கும். மூன்று பட்டைகளில் ஒன்றில் தையலுக்கு விட்ட மடிப்பு கூடினால் அந்தப் பட்டை மெலிந்துவிடும். இரண்டு பாகத்துக்கு மூன்று பாகம் என்று எழுதுவது எளிது. அதைத் துணியில் கொண்டுவருவதற்குத்தான் இத்தனை கை.

2021 டிசம்பர் 30 வரை விதி இவர்கள் பக்கம் இருந்தது. தேசியக் கொடி கையால் நூற்று, கையால் நெய்த கதரில்தான் இருக்க வேண்டும். பருத்தியோ, கம்பளியோ, பட்டோ எதுவானாலும் கதர். அன்று வந்த திருத்தம், எந்திரத்தில் தயாரித்த கொடியையும் பாலியஸ்டர் கொடியையும் அனுமதித்தது. 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம், பொதுமக்கள் இரவிலும் கொடியைப் பறக்கவிடலாம் என்றது. நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் கொடி என்று இலக்கு வைத்தால், அத்தனை கொடிகளையும் சில மாதங்களில் கைத்தறி கொடுக்க முடியாது என்பது உண்மைதான். 25 ரூபாய்க்குக் கதர்க் கொடி கிடைக்காது என்பதும் உண்மை. ஆனால் கொடி விற்பனை அதுவரை காணாத உச்சத்துக்குப் போகவிருந்த அந்த ஜூலையில், பெங்கேரிக் கூட்டமைப்பு திருத்தத்தை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கியிருந்தது. சுதந்திரப் போராட்டத்தின் அடையாளமாக இருந்த கதரைக் கொடியிலிருந்தே எடுத்துவிட்டால் கைத்தறியும் ராட்டையும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

திருத்தம் துணியை மாற்றியது, விகிதத்தை மாற்றவில்லை. இங்கேதான் ஒரு முரண். எந்திரத்துக்கு விகிதத்தைச் சரியாகக் கொண்டுவருவது கையைவிட எளிது, ஒரு முறை அச்சைச் சரியாக வைத்துவிட்டால் லட்சம் கொடிகள் ஒரே மாதிரி வரும். ஆனால் அச்சைத் தப்பாக வைத்தாலும் லட்சம் கொடிகள் ஒரே மாதிரிதான் வரும். சான்று பெற்ற இடத்தில் கோணல் கொடி வெளியே போவதற்கு முன்பே தள்ளுபடியாகிவிடும். அவசரத்துக்கு ஆர்டர் எடுத்த அச்சகத்தில் அதைத் தடுக்க ஆள் வேண்டுமே. முட்டைச் சக்கரங்கள் வீடு வரைக்கும் வந்தது அப்படித்தான்.

தப்பான அளவில் கொடி வைத்திருந்தால் ஜெயிலா?

இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, சிதைப்பது போன்ற செயல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. விகிதம் பிசகிய கொடி என்று அதில் தனியாக ஒரு குற்றம் இல்லை. விகிதத்தைச் சொல்வது கொடி விதித்தொகுப்பு. நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரி 23-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது குடிமக்களின் கருத்துரிமையில் அடங்கும் என்றது. விதித்தொகுப்பு அரசின் நிர்வாக அறிவுறுத்தல்தான், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல என்றும் சொன்னது. ஆனாலும் கொடியின் கண்ணியத்தைக் காக்கிற அளவுக்கு அதைப் பின்பற்ற வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே தெரியாமல் வாங்கிய கோணல் கொடிக்காக யாரும் பயப்படத் தேவையில்லை. அதைத் தெரிந்தே தயாரித்து விற்கிறவருக்குத்தான் அந்தக் கேள்வி போக வேண்டும்.

கிழிந்த, கசங்கிய கொடியைப் பறக்கவிடக்கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. தனிமையில், மரியாதையோடு, எரித்தோ கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு முறையிலோ முழுமையாக அகற்ற வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. எல்லையில் உள்ள அட்டாரியில் 2017-இல் 360 அடிக் கம்பத்தில் 120-க்கு 80 அடிக் கொடியை ஏற்றினார்கள். காற்றில் அது கிழிந்து கிழிந்து பலமுறை மாற்ற வேண்டிவந்தது.

வீட்டில் இருக்கும் கொடி சரியா என்று பார்க்க ஒரு இஞ்ச் டேப் போதும். உயரத்தை அளந்து, அதில் பாதியைக் கூட்டினால் வருவதுதான் நீளம். 20 அங்குலம் என்றால் 30. ஒவ்வொரு பட்டையும் உயரத்தில் மூன்றில் ஒன்று, ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சக்கரத்தைக் குறுக்காக ஒரு தடவை, நெடுக்காக ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக, ஏறக்குறைய ஆறு அங்குலம் இருக்கும். டேப்பைக் கீழே வைப்பதற்கு முன் ஆரங்களையும் ஒரு முறை எண்ணிவிடலாம்.